சாணி வாசமும் சாக்கடை நாற்றமும் ஒன்றா?

தோட்டத்தை விட்டு வெளியேறி, ஈப்போவைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்ட நம்மவர்கள் கூடுமிடங்களிலே ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "லயத்தில் இருந்தவரை நம் பிள்ளைகளுக்கு இழுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. மண்ணிலே புரண்டார்கள், மாட்டுக் கொட்டகையிலே விளையாடினார்கள், மழையிலே நனைந்தார்கள், ஒன்றும் வரவில்லை. இன்றோ கல் வீடு, குழாய்த் தண்ணீர், கண்ணாடி ஜன்னல், ஆனால் மாடிக்கு ஒரு பிள்ளை மூச்சு வாங்குகிறது" என்பதே அந்தப் பேச்சு. பேசுகிறவர்கள் நம் பெரியவர்கள். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதே பேச்சை வேறு வாய்களும் எடுத்துக்கொள்கின்றன. "நல்ல வீடு வேண்டும், நல்ல கக்கூஸ் வேண்டும் என்று கொடி பிடித்தீர்களே, அழுக்குத்தான் பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாம்!" என்று புன்னகையோடு சொல்லும் நிர்வாகத்தினரும் உண்டு.

முதல் பேச்சிலே பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பேச்சிலே இருப்பது திரித்த உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், நாளைக்கு நம் பிள்ளைகளின் மூச்சே நம்முடைய கோரிக்கைகளுக்கு எதிர்ச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தப்படும். ஆகவேதான், செக்ரோலையும் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பழகிய நாம், வைத்திய ஆராய்ச்சி ஏடுகளையும் சற்றுப் புரட்டிப் பார்க்கத் துணிந்தோம்.

இழுப்பு என்றும் ஈளை என்றும் நம் பாட்டிமார் சொன்ன நோய்தான் ஆஸ்துமா. நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களின் உட்புறம் வீங்கி, சளி சுரந்து, சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்கிறது. வெட்டுக்கோட்டிலே பால் உறைந்து அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் பால் நின்றுபோகிறதல்லவா, அதுபோல வெளியேற வேண்டிய காற்று உள்ளே சிக்கித் திணறுகிறது. அந்தத் திணறலின் ஓசைதான் நாம் கேட்கும் 'விசில்'. பரம்பரைக்கு இதில் பங்குண்டு. 17ஆம் குரோமோசோமில் ஆஸ்துமாவோடு தொடர்புடைய ஒரு பகுதி இருப்பதை 2007ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். ஆனால் பரம்பரை மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் டாக்டர் பரமேஷ் என்ற குழந்தை வைத்தியர் தம் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார். 1979இல் நூற்றுக்கு 9 பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. 1999இல் அது நூற்றுக்கு 29.5 ஆகிவிட்டது. இருபது ஆண்டிலே ஓர் ஊர்க்காரர்களின் இரத்தமா மாறிவிட்டது? மாறியது இரத்தமல்ல, வாழ்க்கை.

வாழ்க்கையிலே எது மாறியது, எந்த வயதில் மாறியது என்பதுதான் கேள்வி. வைத்தியர்கள் தேடத் தேட, விடை குழந்தையின் முதல் வருஷத்தை நோக்கியே ஓடுகிறது. அதற்கும் முந்திய கருப்பை நாட்களை நோக்கியும் ஓடுகிறது.

ஏன் அப்படி? நம் உடம்பிலே நோயை எதிர்க்கும் அணுக்கள் உண்டு. அவற்றைத் தோட்டத்து ஜாகாவுக்கு ஒப்பிடலாம். ஜாகா வேலைக்குப் புதிதாக வந்தவனை முதல் மாதமே தோட்டம் முழுவதும் சுற்றிக் காட்டி, "இவர் டிரஸ்ஸர், இவர் தபால்காரர், அது நம் பக்கத்து வீட்டு ஆடு, ஆனால் இரவிலே டின் தூக்கிக்கொண்டு வருகிறவன் பால் திருடன்" என்று பழக்கிவிட்டால் அவன் தக்கவனைப் பிடிப்பான். யாரையும் காட்டாமல் ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருந்து, ஒரு வருஷம் கழித்துத் தடியைக் கையிலே கொடுத்தால் என்ன செய்வான்? தபால்காரர் தலையிலே போடுவான். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் அத்தகைய அடிதான். தூசி, பூச்சியின் கழிவு, பூனை முடி போன்ற தீங்கற்ற பொருள்களைத் திருடன் என்று எண்ணி உடம்பு போடும் சண்டை.

இதிலே இன்னொரு நுட்பம் உண்டு. கருவிலே இருக்கும் பிள்ளையும் தாயும் ஒருவரை ஒருவர் அந்நியர் என்று தாக்கிவிடக் கூடாது. அதனால் பிள்ளை பிறக்கும்போது, கிருமிகளைக் கடுமையாகத் தாக்கும் பிரிவு அடங்கியிருக்கிறது. புழுக்களை எதிர்ப்பதற்கென்று அமைந்த மற்றொரு பிரிவின் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. இந்தப் பிரிவின் ஆயுதம் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள்; இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் 1966ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்தது. பிறந்தபின் காற்றிலும், பாலிலும், தோலிலும், குடலிலும் பல்வகை நுண்ணுயிர்கள் வந்து பழகப் பழக, தராசு நேராகிறது. "போதும், நிறுத்து" என்று கட்டளையிடும் அடக்கும் அணுக்களும் பெருகுகின்றன. பழக்கம் கிடைக்காத பிள்ளைக்குத் தராசு சாய்ந்தபடியே நின்றுவிடக்கூடும்.

இங்கே நம் வெட்டுத் தொழிலாளர் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவோம். ரப்பர் பாலின் வாடைதான் இழுப்புக்குக் காரணமா என்று கேட்கிறார்கள். ரப்பர் பாலிலே சில புரதங்கள் உண்டு. அவற்றுக்கு ஒவ்வாமை வருவது உண்மை. ஆனால் அது பேருருவம் எடுத்தது தோட்டத்திலல்ல, மருத்துவமனைகளில். 1980களின் பின்பகுதியில் எய்ட்ஸ் பயத்தால் கையுறைகள் கோடிக்கணக்கில் பயன்பட்டன. கையுறைக்குள் தூவிய மாவுப் பொடி அந்தப் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றிலே பறந்தது. தாதியருக்கும் டாக்டர்களுக்கும் மூச்சிரைத்தது. முதுகுத் தண்டு சரியாக மூடாமல் பிறந்து, பிறந்த நாள் முதலே திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் மிகப் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை வந்தது. அவர்களை முதல் நாளிலிருந்தே ரப்பர் படாமல் பராமரித்த மருத்துவமனைகளிலே அது வெகுவாகக் குறைந்தது. அமெரிக்கா 2017 ஜனவரியில் பொடி போட்ட மருத்துவக் கையுறைகளுக்குத் தடையே விதித்துவிட்டது. நாம் வெட்டிய பாலுக்கே இப்படி ஒரு கதை உண்டு. முதல் நாட்களிலே, எந்த வழியாக, எவ்வளவு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

இனி மாட்டுக் கொட்டகைக்கு வருவோம்.

1989இல் ஸ்ட்ராக்கன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த 17,000க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்து, அண்ணன் அக்காள் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூக்கு ஒவ்வாமை குறைவு என்று எழுதினார். ஜெர்மனி ஒன்றானபின் எரிக்கா ஃபான் மூட்டியஸ் என்ற பெண் வைத்தியர், கிழக்கில் நிலக்கரிப் புகை மண்டிய லைப்சிக், ஹாலே நகரங்களின் பிள்ளைகளை மேற்கில் மியூனிக் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். புகையூரில்தான் ஆஸ்துமா அதிகமிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக, ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மியூனிக்கில்தான் அதிகம். புகையூரில் அதிகமிருந்தது மார்ச்சளி. பிறகு ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் மலையடிவாரப் பண்ணைகளில் 2001இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முதல் வயதுக்குள்ளேயே தொழுவத்திலும் பண்ணைப் பாலிலும் பழகிய பிள்ளைகளில் நூற்றுக்கு 1 பேருக்கே ஆஸ்துமா. முதல் வயது கழிந்து, ஐந்து வயதுக்குள் பழகியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு. அதே தொழுவம், அதே மாடு. பிந்திப் போனவனுக்குப் பலன் குறைவு.

இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் இரு கிறிஸ்தவக் குடியானவர் கூட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சி. 2016இல் வெளியானது. ஒரு கூட்டத்தார் ஆமிஷ், மற்றொரு கூட்டத்தார் ஹட்டரைட். இருவரும் ஐரோப்பாவின் மலைநாட்டிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள். இரத்தம் ஏறக்குறைய ஒன்று, சாப்பாடு ஏறக்குறைய ஒன்று, குடும்பம் பெரிது, வீட்டிலே நாய் பூனை வளர்க்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா நூற்றுக்கு 5 அளவு. ஹட்டரைட் பிள்ளைகளில் நூற்றுக்கு 21 அளவு. ஏன் இந்த வேறுபாடு? ஆமிஷ்காரர் குடும்பத்துக்கு ஒரு சிறு பண்ணை வைத்து, குதிரையால் உழுது, வீட்டுக்குப் பக்கத்திலேயே பசுக்களைக் கட்டுகிறார்கள். குழந்தைகள் தொழுவத்துக்குள்ளேயே வளர்கிறார்கள். ஹட்டரைட்டுகளோ பெரிய கூட்டுப் பண்ணை நடத்துகிறார்கள்; இயந்திரங்கள், எட்டத்திலே பெரிய கொட்டகைகள்; கைக்குழந்தை அங்கே போவதில்லை. 30 ஆமிஷ் பிள்ளைகளையும் 30 ஹட்டரைட் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியிலே கிருமிகளின் மேற்தோலிலிருந்து உதிரும் ஒரு பொருள் ஏறக்குறைய 7 மடங்கு அதிகமிருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கிலே இட்டபோது எலிகளுக்கு இழுப்புத் தணிந்தது. ஹட்டரைட் தூசி அவ்விதம் காக்கவில்லை. கிருமியை அடையாளம் காணும் பிறவி உணர்வை எலியிடமிருந்து நீக்கிவிட்டால் ஆமிஷ் தூசியும் பயன்படவில்லை. ஆக, தூசி மந்திரமல்ல. ஜாகாவுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்.

இதை வாசிக்கும்போது நம் தோட்டங்களின் பழைய படம் கண்ணிலே வருகிறதா இல்லையா? லயத்துக்குப் பின்னால் சொந்த மாடு, காலையிலே பால் கறந்து கிராணி வீட்டுக்கும் கடைக்கும் ஊற்றிவிட்டு வெட்டுக்குப் போன பெண்கள், தொழுவத்துக்குப் பக்கத்திலே சேலைத் தூளி. மாடு வளர்ப்பு நமக்குக் கூலிக்கு மேலே கிடைத்த சிறு வருமானம். மரத்தையும் செடியையும் மேய்கிறது என்று சொல்லித் தோட்டந்தோறும் மாடுகளை அகற்றும்படி உத்தரவுகள் வந்தன; தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளானபோது மிச்சமிருந்த மாடுகளும் போயின. அவற்றோடு என்ன போயிற்று என்று அன்று யாரும் எண்ணியதில்லை. பெரியவர்களின் பேச்சிலே உள்ள பாதி உண்மை இதுதான். ஆயினும் பச்சைப் பாலைக் குழந்தைக்குப் புகட்டலாமென்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். காசநோயும் வேறு நோய்களும் அதன்வழி வரும். பாலைக் காய்ச்சத்தான் வேண்டும்.

மீதிப் பாதிக்கு வருவோம். சாணி நல்லதென்றால் சாக்கடையும் நல்லதா? கக்கூஸ் இல்லாத லயமும் நல்லதா? இதற்குப் பதில் நம் தோட்டங்களிலேயே எழுதிக் கிடக்கிறது. 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறநிலையம் டார்லிங் என்ற வைத்தியரின் தலைமையில் ஒரு குழுவைக் கிழக்கே அனுப்பியது. அவர்கள் மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் இங்கே வந்து ஆராயக் காரணமே நம் பாட்டன்மார் போன்ற தோட்டக் கூலிகளின் உடம்புதான். கக்கூஸ் இல்லாத லயத்தில் மலம் மண்ணிலே விழும். ஈரமண்ணிலே புழுவின் குஞ்சு காத்திருக்கும். விடியுமுன் செருப்பில்லாமல் வெட்டுக்குப் போகிறவனின் பாதத்தைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, இருமும்போது தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலிலே போய்க் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். சோகை பிடித்து, முகம் வெளுத்து, கால் வீங்கி, "சோம்பேறி" என்ற பெயரும் வாங்கி எத்தனை பேர் மடிந்தார்கள்! கருவுற்ற தாய்க்கு இரத்தம் இல்லாவிட்டால் பிரசவம் என்னவாகும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சிலர் சொல்வது, அந்தப் புழுதான் இழுப்பு வராமல் காத்தது என்று. இதையும் நேர்மையாக எடைபோடுவோம். ஐ.ஜி.ஈ. ஆயுதம் புழுவை எதிர்க்கவே உண்டானது. புழுவோ தான் பிழைக்கும்பொருட்டு அந்த ஆயுதத்தை மழுங்கடிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அதனால் ஒவ்வாமையும் மழுங்கலாம் என்பது நியாயமான எண்ணமே. பல நாடுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த கணக்கிலே, கொக்கிப்புழு உள்ளவர்களிடம் ஆஸ்துமா குறைவாகவே தெரிந்தது. ஆனால் அதே கணக்கிலே, நம் பிள்ளைகளின் வயிற்றிலே சாதாரணமாக இருந்த நாக்குப்பூச்சி உள்ளவர்களிடம் ஆஸ்துமா அதிகமாகத் தெரிந்தது! இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 32 ஆஸ்துமா நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு வேண்டுமென்றே கொக்கிப்புழுக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவிலே குறிப்பிடத்தக்க குணம் ஏதும் இல்லை. தென்னமெரிக்காவின் எக்குவடோரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக் காலம் புழு மருந்து கொடுத்தார்கள், ஒவ்வாமை பெருகவில்லை. உகாண்டாவில் கருவுற்ற தாய்மாருக்குப் புழு மருந்து கொடுத்தபோது அவர்கள் குழந்தைகளுக்குத் தோலில் கரப்பான் சற்று அதிகமாகக் கண்டது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளை ஒன்பது வயதிலே மறுபடி பார்த்தபோது தெளிவான வேறுபாடு காணோம். இத்தனையையும் தராசில் வைத்தால் என்ன தெரிகிறது? புழுவிடமிருந்து வருங்காலத்தில் ஒரு மருந்து பிறக்கலாம். அதற்காகப் புழுவுள்ள லயத்தைப் புகழ்கிறவன், தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணிலே நடந்து காட்டட்டும்.

ஆகவே இரண்டும் ஒன்றல்ல. சாணியும் வைக்கோலும் கலந்த தொழுவத் தூசி வேறு. மனித மலம் கலந்த சாக்கடை வேறு. முன்னதிலே நோய் செய்யாத பலவகை நுண்ணுயிர்கள் உண்டு. பின்னதிலே வாந்திபேதியும் புழுவும்தான் உண்டு. கக்கூஸும் குழாய்த் தண்ணீரும் கேட்டது சரி. இன்னும் கேட்பதும் சரி.

இன்னொரு பழைய பொருளைப் பற்றி நாம் கொஞ்சம் அதிகமாகவே பேசவேண்டியிருக்கிறது: ஆயாக் கொட்டகை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தையைக் கொண்டுபோய் ஆயாவிடம் விட்டு, மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்து தூக்கிக்கொள்வோம். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே கொட்டகையில்; ஒன்றுக்குச் சளி பிடித்தால் எல்லாவற்றுக்கும் சளி. நம்மைக் குறை சொன்னவர்கள் அதை நோய்க்கூடம் என்றார்கள். அமெரிக்காவின் டூசான் நகரத்தில் 1980 முதல் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள் 2000ஆம் ஆண்டில் சொன்னதைக் கேளுங்கள். மூத்த பிள்ளைகள் பலருள்ள வீட்டிலே பிறந்தவர்களுக்கும், பிறந்த ஆறு மாதத்துக்குள் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனவர்களுக்கும் இரண்டு வயதில் மூச்சிரைப்பு அதிகம். ஆனால் ஆறு முதல் பதின்மூன்று வயதுவரை அது மற்றவர்களைவிடக் குறைவு. ஆயாக் கொட்டகையிலே கண்ட சளியெல்லாம் வீணாகவில்லை போலும்! ஆனாலும் இதைச் சொல்லி இருட்டும் புகையும் அடைந்த கொட்டகையை நியாயப்படுத்த முடியாது. கூட்டுறவு நல்லது, நெரிசல் நல்லதல்ல. நம் கிழவிகள் அந்தக் கொட்டகையின் நான்கு பக்கத்தையும் திறந்துவைத்தது நல்ல புத்தி.

ஏனென்றால் எல்லாச் சளியும் ஒரே சாதியல்ல. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் தொட்டுவிடுகிறது. சில மாதக் குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாயிலே அது இறங்கினால் ஆஸ்பத்திரியில்தான் போய் முடியும். சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸும் சிலருக்கு நெஞ்சிலே இறங்கும். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள பெற்றோரின் குழந்தைகளை அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் ரைனோ வைரஸால் இழுத்த பிள்ளைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்காக இருந்தது. வைரஸ் நுரையீரலைக் கெடுத்ததா, அல்லது முன்பே சாய்ந்திருந்த தராசை வைரஸ் வெளிக்காட்டியதா என்று அவர்களுக்குள்ளே விவாதம் உண்டு. இரண்டும் இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆர்.எஸ்.வி.யைத் தடுக்கக் குழந்தைக்கு ஓர் ஊசியும், கருவுற்ற தாய்க்கு ஒரு தடுப்பூசியும் 2022, 2023ஆம் ஆண்டுகளில் மேல்நாடுகளில் அங்கீகாரம் பெற்றுவிட்டன. பணமுள்ளவன் பிள்ளைக்கு மட்டும் எட்டும் பொருளாக அது நின்றுவிடக் கூடாது.

இனி நம் சங்கத்தார் காது கொடுத்துக் கேட்கவேண்டிய ஒரு கணக்கு. கனடாவில் 319 குழந்தைகளின் மலத்தைச் சோதித்து 2015இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்கு ஆளாகும் அபாயமுள்ள குழந்தைகளின் குடலிலே, மூன்று மாத வயதில், நான்கு வகை நுண்ணுயிர்கள் குறைந்திருந்தன. ஒரு வயதிலே பார்த்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது! அதாவது, பாடம் நடந்த வகுப்பு முதல் 100 நாள். அந்த வகுப்புக்குத் தாய்ப்பால்தான் சாப்பாடு. தாய்ப்பாலிலே உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குழந்தைக்காக அல்ல, அதன் குடலிலே வளரவேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்காகவே சுரக்கின்றன. இயற்கையின் இந்தக் கணக்குக்கு எந்தக் கிராணியும் தலைவணங்குவான்.

இந்த நாட்டிலே நெடுங்காலமாகப் பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது. வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1ஆம் நாள் முதல் 98 நாள் ஆயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. 60 நாளில் தாயை வேலைக்கு இழுத்தபோது அந்த வகுப்பைப் பாதியிலே கலைத்தோம். 98 நாள் என்பது ஏறக்குறைய வகுப்பு முடியும்வரை. சட்டம் எழுதியவர்கள் குடல் நுண்ணுயிர்களை எண்ணி எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் பொருத்தம் நன்றாகவே அமைந்தது. ஆனால் குத்தகைக்காரரின் கீழே, நாள் கூலிக்கு, காகிதமில்லாமல் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த 98 நாள் காகிதத்திலேதான் இருக்கிறது. அவளுடைய பிள்ளையின் மூச்சு மட்டும் வேறு விதமாகவா படைக்கப்பட்டிருக்கிறது?

மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஊசி போட்டால்தான் டாக்டர், இல்லாவிட்டால் அவர் என்ன டாக்டர்" என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி வைரஸைக் கொல்ல முடியாது. குடலிலே குடியேறிக்கொண்டிருக்கும் நல்ல உயிர்களைத்தான் கொல்லலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2000 முதல் 2014 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பாதிக்கு மேல் குறைந்தது; அதே காலத்திலே ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் புதிதாகக் காணும் ஆஸ்துமா 26 விழுக்காடு குறைந்தது. நிமோனியாவுக்கும் இரத்தத்தில் விஷக்கிருமிக்கும் மருந்து வேண்டாமென்று இதற்குப் பொருளல்ல. அப்போது கொடுக்காவிட்டால் பிள்ளை போய்விடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லும்போது வற்புறுத்தாதீர்கள் என்பதே நாம் சொல்வது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கருவுற்றவள் பக்கத்திலே சிகரெட் பிடிக்கும் கணவன் குழந்தையின் நுரையீரலைப் பிறக்குமுன்பே சுருக்குகிறான். இதிலே எந்த ஆராய்ச்சியாளருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. மூடிய அறையிலே கொசுவத்திப் புகையும் வேண்டாம், வலை கட்டுங்கள். டென்மார்க்கில் 2016இல் வந்த ஒரு சோதனையிலே, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மீன் எண்ணெய் கொடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இழுப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. மீன் சத்துக் குறைந்திருந்த தாய்மாருக்கே அதிகப் பலன். மீன் எண்ணெய் மாத்திரைக்கு வழியில்லாதவர்கள் கெம்போங்கும் மத்தியும் குழம்பு வைத்துச் சாப்பிடலாம்; கேடில்லை. மெத்தையும் தலையணையும் தூசிப் பூச்சிகளின் மாளிகை. வெப்பமும் ஈரமுமான நம் பகுதியிலே புளோமியா என்ற ஒரு வகை அதிகம். பாயை வெயிலிலே உதறிய பழக்கத்தை மெத்தை வந்ததும் விட்டுவிட்டோம். ஈப்போவைச் சுற்றிய சுண்ணாம்பு மலைகளைக் குடைவதால் எழும் தூசியும், ஆண்டு விட்டு ஆண்டு கடல் கடந்து வரும் புகைமூட்டமும் ஏற்கெனவே இழுக்கும் பிள்ளைக்குப் பெரும் பகை. அது வேறொரு நாள் எழுத வேண்டிய பெரிய கதை.

ஆக, நாம் கேட்க வேண்டியது பழைய லயமல்ல. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கீழே கார் நிற்க இடம் விடுகிறார்கள், குழந்தை தவழ மண்ணும் புல்லும் விடுவதில்லை. அதைக் கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டம் தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு இல்லங்களைப் பற்றியும் பேசுகிறது. இருக்கிற தோட்டங்களிலாவது அவை காற்றோட்டமாய், புகையில்லாமல், பயிற்சி பெற்ற ஆயாவோடு நடக்கின்றனவா என்று கிளைச் செயலாளர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தாய் இடைவேளையில் வந்து பால் கொடுத்துப் போக நேரம் உண்டா, அந்த நேரத்துக்குக் கூலி வெட்டு விழுமா என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே எழுத்தாக வாங்க வேண்டும்.

முன்பே இழுப்பு வந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தத் தொழுவக் கதையெல்லாம் இப்போது உதவாது. வந்த நோயைச் சாணித் தூசி ஆற்றாது, கிளறவே செய்யும். வாயில் வைத்து இழுக்கும் மருந்து பழகிவிடும், பிள்ளையை அடிமையாக்கிவிடும் என்ற பயத்தில் அதை அலமாரியிலே பூட்டி வைத்திருக்கும் தாய்மார் நம்மிடையே ஏராளம். அது அடிமையாக்காது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை டாக்டர் தினமும் இழுக்கச் சொன்னால், இழுப்பு இல்லாத நாளிலும் இழுக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு இழுப்பு வந்தபின் நள்ளிரவிலே வண்டி தேடி ஓடுகிறவர்கள்தான் பிள்ளையைப் பறிகொடுக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் அந்த மருந்து கிடைக்கிறது; வாயில் வைத்து இழுக்கும் முறையைத் தாதியிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.